சைக்கிள் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

‘‘சுகர் எல்லைக்கோட்டில நிக்குது. மாத்திரை இப்ப வேண்டாம். தினமும் அரை மணி நேரம் உடம்பை அசைங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்!’’

டாக்டர் இப்படிச் சொன்னதும் என் நண்பர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிள் கடைக்குப் போனார். வயது நாற்பத்தாறு. மயிலாப்பூரில் குடியிருப்பு. ஆபீஸில் காலை முதல் மாலை வரை நாற்காலிதான் கதி. சின்ன வயதில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட ஞாபகம் மட்டும் பசுமையாக இருந்தது.

கடையில் ஒரு சைக்கிள் கண்ணைப் பறித்தது. முன்னால் ஸ்பிரிங், சீட்டுக்கு அடியில் இன்னொரு ஸ்பிரிங், புல்லட் மாதிரி தடித்தடியாக டயர், இருபத்தொரு கியர். ‘‘சார், இது மலையே ஏறும்!’’ என்றார் விற்பனையாளர். அவ்வளவுதான்... கார்டைத் தேய்த்துவிட்டார்.

வீட்டில் மனைவி கேட்ட முதல் கேள்வி: ‘‘ஏங்க, மயிலாப்பூர்ல எந்த மலை இருக்கு?’’

முதல் வாரம் உற்சாகம். இரண்டாவது வாரம் முழங்கால் வலி. மூன்றாவது வாரம், ‘‘என்னன்னு தெரியலை... மிதிக்க மிதிக்க வண்டி பின்னாடி இழுக்குது’’ என்று அலுத்துக்கொண்டார். நான்காவது வாரம் சைக்கிள் பால்கனிக்குப் போனது. ஈரத்துண்டு காயப்போட ஹேண்டில்பார் வசதியாக இருந்தது! மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. சுகர் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது. மாத்திரை ஆரம்பமானது.

அவர் சோம்பேறி இல்லை. சைக்கிளும் மோசமான சைக்கிள் இல்லை. அவருக்கும் அவர் போகிற ரோட்டுக்கும் பொருந்தாத சைக்கிள், அவ்வளவே! அந்தத் தப்பை நீங்களும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ரெண்டும் எங்கே பிறந்தது?

பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் தடதடவென்று அதிர்வதைப் பார்த்துக் காற்றடைத்த டயரைச் செய்தார். 1888-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு சைக்கிள் வேகம் பிடித்தது. 1903-ல் பிரான்ஸ் நாட்டைச் சுற்றி வரும் ‘டூர் டி ஃபிரான்ஸ்’ பந்தயம் ஆரம்பித்தது. மெல்லிய டயர், ஆட்டுக் கொம்பு போல் கீழே வளைந்த ஹேண்டில்பார், எடை குறைந்த உடம்பு என்று ‘ரோடு பைக்’ வளர்ந்தது இந்தப் பந்தய உலகத்தில்தான். வழுவழுப்பான ரோட்டில் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதுதான் அதன் வேலை.

‘மவுன்டன் பைக்’ வயதில் ரொம்ப இளசு. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய, தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, மலைமேலிருந்து மண் பாதையில் சரேலென்று இறங்கிப் போட்டி போட்டார்கள். பிரேக் பிடித்துப் பிடித்து, பின்சக்கரத்துக்குள் இருக்கும் கிரீஸே புகைந்து தீய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுசாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. இதற்கென்றே ஒரு சைக்கிளைச் செய்தால் என்ன என்று யோசித்து, அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ் 1977-ல் ஒன்றைக் கட்டினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு பந்தயமாகவே சேர்ந்துவிட்டது.

ஆக, மவுன்டன் பைக் பிறந்தது மலை ரோட்டுக்காக அல்ல. ரோடே இல்லாத மலைக்காக! நம் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அத்தனையும் தார் ரோடுதான். அதில் ஏற உங்களுக்கு வேண்டியது லேசான வண்டியும் லேசான கியரும். தடித்த டயரும் ஸ்பிரிங்கும் அங்கே வெறும் பாரம்.

டயரைப் பாருங்கள், எல்லாம் தெரியும்!

கடையில் ஆயிரம் பெயர் சொல்வார்கள். நீங்கள் டயரைப் பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிடும்.

ரோடு பைக்கின் டயர் அகலம் 25 முதல் 32 மில்லிமீட்டர். நம் கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். காற்று அழுத்தமாக நிரப்பியிருப்பார்கள். மெல்லிய டயரென்றால் 80, 90 ‘பி.எஸ்.ஐ.’ கூட இருக்கும். ரோட்டில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் பள்ளத்தில் ‘டங்’கென்று விழுந்தால் அந்த அடி நேராக உங்கள் மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் வரும். டியூபும் பஞ்சராகலாம்.

மவுன்டன் பைக்கின் டயர் இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். மேலெல்லாம் முடிச்சு முடிச்சாகக் கட்டைகள். மண்ணையும் கல்லையும் கவ்விப் பிடிக்கத்தான் அவை. காற்றும் குறைவு, 30, 40 பி.எஸ்.ஐ. போதும். இதே டயர் தார் ரோட்டில் போனால் ‘உர்ர்...’ரென்று ஒரு சத்தம் வரும். அது உங்கள் உழைப்பு வீணாகும் சத்தம்! என் நண்பருக்கு வண்டி ‘பின்னாடி இழுத்தது’ இதனால்தான்.

அடுத்து ஸ்பிரிங். நல்ல விலையுள்ள மவுன்டன் பைக்கில் ஸ்பிரிங் உண்மையாகவே வேலை செய்யும். விலை குறைந்த வண்டியில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் இருந்தால், கொஞ்சம் ஒதுங்கிவிடுங்கள். நீங்கள் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் பலத்தில் ஒரு பகுதியை வண்டி ‘குதிப்பதிலேயே’ செலவழித்துவிடும். எடையும் கூடும். சாதாரண ரோடு பைக் 9 முதல் 11 கிலோ. ஸ்பிரிங் வைத்த ஆரம்ப விலை மவுன்டன் பைக் 15 கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறினால் வித்தியாசம் புரியும்!

மூன்றாவது உட்காரும் விதம். ரோடு பைக்கில் உடம்பை முன்னால் வளைத்துக் குனிந்து போக வேண்டும். வேகத்துக்கு நல்லது. ஆனால் கழுத்துத் தேய்மானம், இடுப்பு வலி, தொப்பை உள்ளவர்களுக்கு முதல் நாளே ‘ஐயோ’ என்றிருக்கும். மவுன்டன் பைக்கில் நேரான ஹேண்டில்பார். ஓரளவு நிமிர்ந்து உட்காரலாம். சுற்றிலும் பார்த்து ஓட்டலாம்.

நடுவில் ஒருவர் இருக்கிறார்!

‘அப்போ எதைத்தான் வாங்குவது?’ என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். நடுவில் ‘ஹைப்ரிட்’ என்று ஒருவர் இருக்கிறார். ரோடு பைக்கின் பெரிய சக்கரமும், மவுன்டன் பைக்கின் நேரான ஹேண்டில்பாரும் சேர்ந்த கலப்பு. டயர் அகலம் 35 முதல் 40 மில்லிமீட்டர். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர், தோண்டி மூடிய பள்ளம், மழைநீர் வடிகால் மூடி எல்லாவற்றையும் தாங்கும். மிதித்தால் முன்னாலும் போகும். ஸ்பிரிங் இல்லாத ஹைப்ரிட்டாகப் பார்த்து வாங்கினால் எடையும் குறையும், ரிப்பேரும் குறையும்.

உங்களையே நீங்கள் நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஓட்டப்போவது எந்த ரோட்டில்? கனவில் வரும் ரோடு இல்லை... நாளைக் காலை வீட்டு வாசலில் இருக்கும் ரோடு.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்? ஐந்து, பத்து கிலோமீட்டர் என்றால் ஹைப்ரிட் தாராளம். ‘கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறுதோறும் 50, 60 கிலோமீட்டர் போகணும், வேகம் பிடிக்கணும்’ என்று ஆசையிருந்து, முதுகும் கழுத்தும் சம்மதித்தால் ரோடு பைக். தோட்டம், வரப்பு, செம்மண் பாதை, ஏரிக்கரை என்று அலைபவர்களுக்கு மவுன்டன் பைக்கே சரி.

என் உடம்பு எப்படி? முதுகு, கழுத்து, மணிக்கட்டில் ஏற்கெனவே வலி இருந்தால், நிமிர்ந்து உட்காரும் வண்டி.

வேறு யாராவது ஓட்டுவார்களா? மகளும் ஓட்டுவாள், அப்பாவும் ஓட்டுவார் என்றால், சீட்டைச் சட்டென்று ஏற்றி இறக்கும் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த நாலுக்கும் பதில் சொன்ன பிறகுதான் நிறத்தையும் ஸ்டிக்கரையும் பார்க்க வேண்டும்!

சட்டை மாதிரிதான் சைக்கிளும்!

சட்டைக்கு 38, 40 என்று அளவு இருப்பதுபோல சைக்கிள் சட்டத்துக்கும் அளவு உண்டு. ‘எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் சார்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

குறுக்குக் கம்பியின் இருபுறமும் கால் போட்டு, இரண்டு பாதமும் தரையில் படும்படி நில்லுங்கள். கம்பிக்கும் உங்களுக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். மவுன்டன் பைக் என்றால் இரண்டு அங்குலம்.

அப்புறம் சீட் உயரம். பெரும்பாலானவர்கள் தப்புப் பண்ணுவது இங்கேதான். இரண்டு காலையும் தரையில் ஊன்ற வசதியாகச் சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறோம். முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். இப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மட்டும் மடங்கும். அதுதான் சரியான உயரம். முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்வு. பின்புறம் வலித்தால் சீட் உயரம் என்று பொதுவாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பயமாக இருந்தால் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

‘இந்த வயசுல நான் சைக்கிளா?’ என்று சிரிக்காதீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில். குவாரியில் கல் உடைத்தவர்களும், வயலில் வேலை செய்தவர்களும் புடவையைச் செருகிக்கொண்டு ஓட்டினார்கள். நமக்கென்ன?

குறுக்குக் கம்பி தாழ்ந்து இறங்கும் சட்டம் உள்ள சைக்கிள் ஏறி இறங்க சுலபம். செயினுக்கு மூடி அவசியம். புடவை முந்தானை, துப்பட்டா, பேன்ட்டின் நுனி எதுவும் சக்கரத்தின் பக்கம் போகக் கூடாது. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இறுக்கி முடிச்சிடுங்கள். கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. பெண்களின் இடுப்பெலும்பு அமைப்புக்குப் பொதுவாகக் கொஞ்சம் அகலமான சீட் தேவைப்படும். வண்டியோடு வந்த சீட் ஒத்துவராவிட்டால் சீட்டை மட்டும் மாற்றுங்கள். சைக்கிளையே வெறுத்துவிடாதீர்கள்!

பணத்தை எல்லாம் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள்!

உங்கள் கையில் இருபதாயிரம் ரூபாய் இருந்தால், பதினாறாயிரத்துக்கு வண்டி பாருங்கள். மீதி நாலாயிரம் கூடவே வாங்க வேண்டிய சாமான்களுக்கு. எது முதலில், எது பிறகு?

முதலில் ஹெல்மெட். மோட்டார் பைக் ஹெல்மெட் இதற்கு ஒத்துவராது; கனமும் புழுக்கமும் கழுத்தை வாட்டிவிடும். சைக்கிளுக்கென்றே காற்றோட்டத் துளைகளுடன் வருகிறது. உள்ளே ‘ஈ.என். 1078’ என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். நெற்றி தெரியப் பின்னால் தள்ளிப் போட்டால் போட்டும் பிரயோஜனமில்லை. ஒரு தடவை பலமாக அடிபட்டால், வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் உள் தெர்மோகோல் ஒரு முறைதான் வேலை செய்யும்.

இரண்டாவது விளக்கு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. அந்தக் காலத்து டைனமோ வேண்டியதில்லை. செல்போன் மாதிரி சார்ஜ் செய்யும் சின்ன விளக்குகள் வந்துவிட்டன. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பின்னால் வரும் தண்ணீர் லாரிக்கு நீங்கள் தெரிய வேண்டுமே! கூடவே ஒரு பெல்.

மூன்றாவது பூட்டு. சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து, அசையாத ஏதாவது ஒரு கம்பியோடு பூட்டும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும். சக்கரத்தை மட்டும் பூட்டினால், வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான்காவது காற்றடிக்கும் பம்ப். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் பழைய சைக்கிளுக்கு வால்டியூப் போட்ட வாய். மவுன்டன் பைக் பலவற்றில் மோட்டார் பைக் மாதிரி தடித்த வாய். ரோடு பைக்கில் ‘பிரெஸ்டா’ என்ற மெல்லிய வாய். தெருமுனைக் கடையில் பிரெஸ்டாவுக்குக் காற்றடிக்க முடியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. அதற்கென்று சின்னதாக ஒரு பித்தளை இணைப்பு விற்கிறார்கள்; விலை சொற்பம். வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். கூடவே ஒரு மாற்று டியூப், டயரைக் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு.

ஐந்தாவது தண்ணீர் பாட்டிலும் அதை மாட்டும் கூடும். மட்கார்டும் ஸ்டாண்டும் பல புது வண்டிகளில் வருவதில்லை. கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மழை நாளில் முதுகு முழுக்கச் சேற்றுக் கோலம்தான்!

மெத்தை வைத்த சைக்கிள் டிராயர், கையுறை இரண்டும் ஒரு மாதம் தொடர்ந்து ஓட்டிய பிறகு வாங்கினால் போதும். அந்த டிராயரை உள்ளாடை இல்லாமல் நேரடியாகத்தான் போட வேண்டும். வெட்கத்தில் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. பிறகு தொடை இடுக்கு உரசிப் புண்ணானதும்தான் தெரிகிறது! பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ, தூரத்தையும் வேகத்தையும் காட்டும் மீட்டர் இதெல்லாம் இப்போது வேண்டவே வேண்டாம்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்றாலே 150 வந்துவிடும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். முழங்கால் தாங்காமல் நடைப்பயிற்சியை விட்டவர்களுக்குச் சைக்கிள் ஒரு வரம். உடம்பு எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது அல்லவா? ஆனால் அதே காரணத்தால் எலும்புக்குப் போதிய பலம் சைக்கிளால் கிடைக்காது. வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது நடையும் வேண்டும்.

கனமான கியரில் முக்கி முக்கி மிதிக்காதீர்கள். லேசான கியரில் நிமிடத்துக்கு 70, 80 சுற்று சுற்றட்டும். முழங்கால் உங்களை வாழ்த்தும்.

ஓட்டும்போது தொடை நடுவில் மரத்துப்போனால் அலட்சியம் வேண்டாம். அங்கே ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். சீட் மட்டமாக இருக்கிறதா பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெடல் மேல் எழுந்து நின்று இளைப்பாறுங்கள். அப்படியும் தொடர்ந்தால் சீட்டை மாற்றுங்கள். சுண்டுவிரல் மரத்தால், கைகளில் பாரம் அதிகம் என்று பொருள்.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. எவ்வளவு சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே நிறுத்திச் சாப்பிடுங்கள். நெஞ்சு வலி, இதயக் கோளாறு, கட்டுக்கு அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் டாக்டர், அப்புறம்தான் கடை!

நம் ஊர் வெயிலில் காலை ஏழரைக்குள் வீடு திரும்பிவிடுவது உத்தமம்.

கடைசியாக...

வாங்கும் முன் பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். ஓட்டவே விடாத கடையில் வாங்காதீர்கள். ஒரு மாதம் கழித்துக் கம்பிகளை இழுத்துக் கட்டி, கியரும் பிரேக்கும் சரிபார்த்துத் தருவார்களா என்று கேளுங்கள். செயினுக்குச் சமையலறைத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி பிடித்துப் பசையாகிவிடும். செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்தால் போதும்.

என் நண்பர் கதை என்ன ஆயிற்று? ஏறத்தாழ எட்டு மாதம் பால்கனியில் கிடந்த சைக்கிளை ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரிடம் தள்ளிக்கொண்டு போனார், விற்றுவிடலாம் என்று. அவர் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

‘‘எதுக்கு சார் பாதி விலைக்கு விக்கறீங்க? கட்டை டயரைக் கழட்டிட்டு வழுவழு டயர் போட்டுத் தரேன். சீட்டை நாலு விரல் ஏத்தறேன். ஓட்டிட்டு அப்புறம் சொல்லுங்க.’’

அவ்வளவுதான் செலவு. புது வண்டி மாதிரி ஆகவில்லைதான். ஸ்பிரிங் இன்னும் குதிக்கிறது. ஆனால் முழங்கால் வலி போய்விட்டது. தினமும் காலையில் மெரினா வரை போய்த் திரும்பி, வரும் வழியில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார். மாத்திரை நிற்கவில்லை. ஆனால் கடந்த இரண்டு பரிசோதனையிலும் அளவு கூடவும் இல்லை. ‘‘இப்படியே போனா பார்க்கலாம்’’ என்றாராம் டாக்டர்.

உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயும் ஒரு சைக்கிள் தூசி படிந்து கிடக்கிறதா? புதுசு வாங்கக் கிளம்பும் முன் அதன் டயரை ஒரு தடவை பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். ஒருவேளை உங்களுக்கு வேண்டிய சைக்கிள் ஏற்கெனவே உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்!